மதுரையின் நண்பகல்: பகலொளிச் சேமிப்பு நேரம் குறித்த ஓர் ஆய்வு

பகலொளிச் சேமிப்பு நேரம் என்பது, கோடையில் மிக முன்னதாகவே விடிந்துவிடும் நாடுகளில், ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் கடிகாரத்தைச் சட்டப்படி ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்து, மக்கள் உறங்கிக் கிடக்கையில் கழிந்துவிடும் காலை வெளிச்சத்தை அவர்கள் விழித்திருக்கும் மாலைப் பொழுதுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடாகும். அதன் வரலாறு பெரும்பாலும் லண்டன், பெர்லின், வாஷிங்டன் ஆகிய நகரங்களை வைத்தே எழுதப்பட்டுவருகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் அமைந்த மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் அந்த வரலாற்றில் தேடுவோர் அரிது. ஆயினும் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, மூன்றாண்டுக்கும் மேலாக, மதுரையின் கடிகாரங்கள் இன்றைய நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ஓடின. அதற்கு முன்பும், ரயில் வந்தபோது ஒருமுறையும் இந்திய நேரம் வகுக்கப்பட்டபோது இன்னொரு முறையும், இந்நகரத்தின் கடிகாரம் அதன் சூரியனை முந்திச் சென்றிருந்தது. பருவத்துக்கேற்பப் பகல் பெரிதாக நீளவோ குறுகவோ செய்யாத ஒரு நிலத்தில், இந்தக் கேள்வி எந்த ஊரின் நண்பகலுக்கு எந்த ஊர் கட்டுப்பட வேண்டும் என்ற வடிவிலேயே எழுந்தது என்பதும், அதற்குச் சமவெளி மக்கள் கண்ட விடை கடிகாரத்தைத் தொடாமல் வேலை நேரத்தை மாற்றிக்கொள்வதாகவே இருந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

முதலில் வானியல் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், நிலநடுக்கோட்டை விட்டு வடக்கே போகப் போகக் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள வேறுபாடு பெருகுகிறது. லண்டனில் ஜூன் மாதத்தின் நீண்ட பகல் ஏறத்தாழ 16 மணி 38 நிமிடம். டிசம்பரின் குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. மதுரையிலோ நீண்ட பகல் சுமார் 12 மணி 42 நிமிடமும் குறுகிய பகல் சுமார் 11 மணி 33 நிமிடமுமாக, இரண்டுக்கும் இடைவெளி ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே சூரியன் எழும் நேரம் ஆண்டு முழுவதிலும் காலை 5.55-க்கும் 6.40-க்கும் இடையிலேயே ஊசலாடுகிறது. மறையும் நேரம் மாலை 5.53-க்கும் 6.43-க்கும் இடையே. லண்டனில் கோடையின் அதிகாலை நான்கு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்து வீணாகிறது என்று ஒருவர் வருந்துவதற்கு நியாயம் உண்டு. மதுரையில் வீணாவதற்கென்று அப்படி ஓர் உபரி வெளிச்சம் எந்த மாதத்திலும் கிடையாது.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மதுரையில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது மார்கழியில் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது தை மாதத்தின் பிற்பகுதியில், பிப்ரவரித் தொடக்கத்தில் நிகழ்கிறது. பூமி சூரியனை நீள்வட்டப் பாதையில் வேகம் மாறி மாறிச் சுற்றுவதாலும் அதன் அச்சுச் சாய்வாலும், சூரியன் உச்சிக்கு வரும் கணம் நவம்பர் தொடக்கத்தில் சராசரியைவிடப் பதினாறு நிமிடம் வரை முந்தியும், பிப்ரவரி நடுவில் பதினான்கு நிமிடம் வரை பிந்தியும் அமைகிறது. வடக்கு நாடுகளில் பகலின் நீளம் மணிக்கணக்கில் மாறுவதால் இந்த நிமிடங்கள் கண்ணில் படுவதில்லை. பகல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும் மதுரையில் இவையே உதயத்தையும் அத்தமனத்தையும் பெரிதும் நகர்த்துகின்றன. ஆகவேதான் மாலை மிக முன்னதாக இருட்டுவதும் மார்கழியில் அல்லாமல் ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில் நேர்கிறது. அத்தமனத்துக்குப் பின் இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்குள் அந்தி வெளிச்சமும் மங்கிவிடும் என்பதால், விளக்கு வைக்கும் நேரம் என்று வீடுகளில் வழங்குவது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில் நிற்பதும் இந்த நிலத்தின் இயல்பு.

இத்தகைய நிலத்தில் பழைய கால அளவை சூரிய உதயத்திலிருந்தே தொடங்கியது. ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். உதயாதி நாழிகை என்றால் அன்று சூரியன் எழுந்ததிலிருந்து கழிந்த நாழிகை. துளையிட்ட கலத்தில் நீர் ஏறுவதையோ வடிவதையோ கொண்டு நாழிகை அளந்து அறிவித்தோரை முல்லைப்பாட்டு அரசனின் பாசறையில் காட்டுகிறது. மதுரைக்காஞ்சி இந்நகரத்தின் இரவையே யாமம் யாமமாகப் பகுத்து விவரிக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் திருவனந்தல் முதல் பள்ளியறை வரை நடைபெறும் எட்டுக் காலப் பூசைகளின் பெயர்களும் காலசந்தி, உச்சிக்காலம், அர்த்தசாமம் என்று சூரியனின் நிலையையும் இரவின் பகுதியையும் குறிப்பவையாகவே இருக்கின்றன. பருவத்துக்கேற்ப நாளின் ஒழுங்கை முன்னகர்த்தும் வழக்கமும் இங்கே இல்லாமல் இல்லை: மார்கழி மாதத்தில் கோயில்களின் நடை வழக்கத்தைவிட முன்னதாகத் திறக்கப்படுகிறது, வீடுகளில் கோலம் போடுவதும் அதற்கேற்ப முந்துகிறது. ஆனால் ஐரோப்பியக் கோடை நேரம் வெளிச்சத்தைத் தேடி முன்னகர்ந்தது என்றால், மார்கழி ஒழுங்கு இருட்டையே வழிபாட்டுக்கு உரியதாக்கிக்கொண்டு முன்னகர்கிறது. மேலும் அதற்காக யாரும் நாழிகையின் அளவையோ எண்ணிக்கையையோ திருத்தவில்லை, திறக்கும் நேரத்தை மட்டுமே மாற்றினர். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் இந்தக் கேள்வி முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

இயந்திரக் கடிகாரமும் வெளியூர் நேரமும் மதுரைக்கு வந்த வழி சென்னையின் வானாய்வகத்திலிருந்து தொடங்குகிறது. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரியின் சொந்த முயற்சியாகத் தோன்றி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டடமாக நிலைபெற்ற அந்த வானாய்வகத்தில், ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் 1802-இல் சென்னையின் நேரத்தை கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முற்பட்டதாக வரையறுத்தார். கிழக்கே செல்லச் செல்ல ஒவ்வொரு தீர்க்கரேகைப் பாகைக்கும் சூரியன் நான்கு நிமிடம் முன்னதாக எழுகிறது என்ற எளிய கணக்கே இதற்கு அடிப்படை. கல்கத்தா நேரமும் பம்பாய் நேரமும் ஒன்றுக்கொன்று ஒரு மணிக்கு மேல் விலகி நின்றதால், இரண்டுக்கும் இடைப்பட்டதும் வானாய்வகத்தின் துல்லியம் வாய்த்ததுமான சென்னை நேரம், 1870-ஐ ஒட்டி இந்திய ரயில்கள் பலவற்றுக்கும் பொது நேரமாயிற்று. 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கும், அடுத்த ஆண்டு தூத்துக்குடிக்கும் தென்னிந்திய ரயில்வேயின் பாதை எட்டியபோது, அந்த நேரமும் அதனுடன் வந்தது.

மதுரை கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை 7 நிமிடத்தில், சென்னைக்கு இரண்டு பாகைக்கும் சற்று அதிகமாக மேற்கே இருக்கிறது. ஆகவே சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 9 நிமிடம் கழித்தே மதுரையில் உச்சிக்கு வரும். நிலையத்துக் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது கோயிலின் உச்சிக்காலம் வானத்தில் இன்னும் ஒன்பது நிமிடம் தள்ளியிருந்தது என்பதே இதன் பொருள். நாழிகையில் பாதியைக்கூட எட்டாத இந்த விலகலை வயலிலும் சந்தையிலும் இருந்தோர் உணர்ந்திருக்க வழியில்லை. ஆனால் கொள்கையளவில் இது பெரிய மாற்றம்: மதுரையின் நேரம் என்பது மதுரையின் வானத்தைப் பார்த்து அறியப்படுவது என்ற நிலை மாறி, தந்தி வழியாக வேறோர் ஊரிலிருந்து வருவதாயிற்று. காலத்தைக் கொடுத்த அந்த வானாய்வகத்தின் வானியல் பணிகள் 1899-இல் அன்றைய மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இருந்த கொடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. இன்றுவரை சூரியனை ஆராயும் அந்நிலையம் பழனி மலைத்தொடரில், சமவெளியின் வெயிலுக்கு மேலே அமைந்திருக்கிறது.

கர்சன் பிரபுவின் ஆட்சிக் காலத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 82 பாகை 30 நிமிடத்தை அடிப்படையாகக் கொண்டு, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்ட இந்தியத் திட்ட நேரம் வகுக்கப்பட்டது. ரயில்வேயும் தந்தித் துறையும் 1905 ஜூலையில் அதற்கு மாறின. 1906 ஜனவரி 1 முதல் அது பொதுவான அரசு நேரமாயிற்று. பம்பாயில் இது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தங்கள் ஊர் நேரத்தைவிட 39 நிமிடம் முந்திய புதிய கடிகாரத்தின்படி ஆலைக்கு வரச் சொன்னதை எதிர்த்து, 1906 ஜனவரி முதல் வாரத்திலேயே பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திக் கிளர்ந்தெழுந்தனர். பம்பாய் நகராட்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பழைய நேரத்தையே கட்டிக் காத்தது. கல்கத்தாவும் தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. இந்த எதிர்ப்பை வெறும் பழமைப் பிடிப்பாகக் கொள்வது தவறு. ஊர் நேரத்தில் காலை ஆறு மணிக்கு வேலைக்குச் சேர்ந்த ஒருவர், கடிகாரம் மாறிய மறுநாள் அதே ஆறு மணிக்குச் சேர வேண்டுமானால், 39 நிமிடம் முன்னதாக இருட்டில் எழுந்து வர வேண்டும். அவருடைய உறக்கத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ள யாருக்கும் அவர் இசைவு தரவில்லை. பின்னாளில் பகலொளிச் சேமிப்பு நேரத்துக்கு எதிராக உழைக்கும் மக்கள் உலகெங்கும் எழுப்பிய குரலின் முழு வடிவமும் அங்கே ஏற்கெனவே இருந்தது.

மதுரையில் அத்தகைய கொந்தளிப்பு நேராததற்குக் காரணம் எளிது. சென்னை நேரத்துக்கும் புதிய இந்திய நேரத்துக்கும் வேறுபாடு ஏறத்தாழ 9 நிமிடமே. ரயில் கொண்டுவந்த ஒன்பதும் இந்த ஒன்பதும் சேர, மதுரையின் கடிகாரம் அதன் சூரியனை ஏறக்குறைய பதினேழரை நிமிடம் முந்தி நின்றது. அந்த நிலைமையே இன்றும் தொடர்கிறது. மதுரையில் சூரியன் சராசரியாக உச்சிக்கு வருவது பகல் 12 மணி 17 நிமிடத்தை ஒட்டித்தான். வேறு விதமாகச் சொன்னால், திட்ட நேரத்தின் மையக் கோட்டுக்கு மேற்கே இருப்பதாலேயே, மதுரை மக்கள் ஆண்டு முழுவதும் நீங்காத, பெயரிடப்படாத ஒரு சிறிய பகலொளிச் சேமிப்பில் வாழ்ந்துவருகின்றனர்.

இதே ஆண்டுகளில்தான் ஐரோப்பாவில் பருவநேர மாற்றம் என்ற கருத்து உருப்பெற்றது. நியூசிலாந்தில் அஞ்சல் பணியில் இருந்த பூச்சியியலாளர் ஜார்ஜ் வெர்னன் ஹட்சன், வேலை முடிந்தபின் பூச்சிகளைச் சேகரிக்க வெளிச்சம் வேண்டி, கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்வைக்கலாம் என்று 1895-இல் முன்மொழிந்தார். இங்கிலாந்தில் கட்டட ஒப்பந்தக்காரரான வில்லியம் வில்லட், பகல் வெளிச்சம் வீணாவதைப் பற்றி 1907-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டு, ஏப்ரலின் நான்கு ஞாயிறுகளிலும் இருபது இருபது நிமிடமாகக் கடிகாரத்தை முன்னகர்த்த வேண்டும் என்று வாதாடினார். 1915-இல் அவர் இறக்கும்வரை நாடாளுமன்றம் இசையவில்லை. மறு ஆண்டே, நிலக்கரியை மிச்சப்படுத்த வேண்டிய போர் நெருக்கடியில், ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் 1916 ஏப்ரல் 30 அன்று கடிகாரத்தை மாற்றின. மூன்று வாரத்தில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது. 1918-இல் அமெரிக்காவும் ஏற்றது. பனி உலர்ந்த பின்பே அறுவடை செய்ய முடியும், பால் கறக்கும் மாட்டுக்குச் சட்டம் தெரியாது என்ற உழவர்களின் எதிர்ப்பால் அமெரிக்கா அடுத்த ஆண்டே நாடளாவிய சட்டத்தை நீக்கியது. நகரத்து அலுவலகமும் கடைவீதியும் விரும்பியதை வயல் விரும்பவில்லை என்ற இந்தப் பிளவு அதற்குப் பின் எங்கும் மறையவில்லை.

முதல் உலகப் போர் இந்தியாவின் கடிகாரத்தைத் தொடவில்லை; இரண்டாவது தொட்டது. 1942 ஏப்ரல் 5-இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், மறுநாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. சென்னையிலிருந்து மக்கள் திரளாக வெளியேறினர். விளக்கணைப்பு நகர வாழ்வின் பகுதியாயிற்று. அந்தச் சூழலில், இருட்டுமுன் நாளின் வேலைகள் முடியவும் எரிபொருளும் மின்சாரமும் மிஞ்சவும் உதவும் வகையில், 1942 செப்டம்பர் 1 முதல் இந்தியா முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னகர்த்தப்பட்டது. கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முற்பட்ட அந்த நேரம், கோடை, குளிர்காலம் என்ற வேறுபாடின்றி 1945 அக்டோபர் 15 வரை நீடித்தது. பருவ மாற்றமே அற்ற இந்த ஏற்பாட்டைப் பகலொளிச் சேமிப்பு என்று அழைப்பது ஓரளவுக்கே பொருந்தும். நாடு முழுவதையும் ஒரு மணி கிழக்கே நகர்த்தி வைத்ததாகக் கொள்வதே சரி.

மதுரையில் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே இருந்த பதினேழு நிமிடத்துடன் அறுபதும் சேர, நண்பகல் பிற்பகல் 1 மணி 17 நிமிடத்துக்குப் போயிற்று. பிப்ரவரித் தொடக்கத்தில் சூரியன் 7.40-க்கு எழுந்தது, ஜூலையில் 7.43-க்கு மறைந்தது. பஞ்சாலையின் சங்கு காலை 7 மணிக்கு ஊதினால், ஊர்ச் சூரியனின் கணக்கில் அது 5 மணி 43 நிமிடம். தை, மாசி மாதங்களில் அந்தச் சங்குக்கு எழுந்து நடந்தவர்கள் முழு இருட்டில் நடந்தனர். சமவெளியின் நெல் வயலுக்கும் கால்நடைக்கும் இது எதையும் மாற்றவில்லை. அலுவலகம், ரயில், பள்ளி, ஆலை ஆகியவற்றோடு தொடர்புடையோர் ஒரு நேரத்திலும் மற்றவர்கள் வேறொரு நேரத்திலும் வாழ்ந்த மூன்றாண்டுகள் அவை.

இந்த மூன்றாண்டுகளின் தடம் இன்றும் அழியாமல் நிற்கும் இடம் சோதிடர்களின் கணக்கு. 1942 செப்டம்பருக்கும் 1945 அக்டோபருக்கும் இடையே பிறந்தோரின் சாதகத்தைக் கணிக்கையில், பதிவான நேரத்திலிருந்து ஒரு மணியைக் கழிக்க வேண்டும் என்பது சோதிட நூல்கள் வலியுறுத்தும் விதி. எடுத்துக்காட்டாக, 1944 பிப்ரவரி 5 அன்று மதுரையில் கடிகாரப்படி காலை 8.40-க்குப் பிறந்த ஒரு குழந்தையைக் கொள்வோம். ஒரு மணியைக் கழித்தால் இந்திய நேரம் 7.40, அன்றைய உதயம் ஏறத்தாழ 6.40, ஆகவே உதயாதி இரண்டரை நாழிகை. கழிக்க மறந்தால் ஐந்து நாழிகையாகிவிடும். கிழக்கில் எழும் ராசியாகிய லக்கினம் சுமார் ஐந்து நாழிகைக்கு ஒருமுறை மாறுவதால், அந்த ஒரு மணி நேரப் பிழை குழந்தையின் லக்கினத்தையே மாற்றிவிடக்கூடும். சோதிடத்தை ஏற்பவர்க்கும் ஏற்காதவர்க்கும் இதில் ஒரு வரலாற்றுச் செய்தி இருக்கிறது: அரசு ஆவணங்களும் பாடநூல்களும் மறந்துவிட்ட ஒரு நேர மாற்றத்தை, உதயத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு பழைய கணக்கு முறையே நினைவில் வைத்துக் காத்துவந்திருக்கிறது. பொதுமக்கள் நாட்காட்டியில் பார்க்கும் இராகு காலமோ இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. உதயம் 6 மணி என்று வைத்துக்கொண்டு, பகலை ஒன்றரை மணிக் கூறுகளாக்கி, திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று அது நிலையாக அச்சிடப்படுகிறது, 6.40-க்குச் சூரியன் எழும் நாளிலும் அது நகர்வதில்லை. சூரியனைச் சார்ந்த ஒரு கருத்து கடிகாரத்துக்குள் உறைந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

தமிழர் வாழும் வேறு நிலங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. இலங்கை 1906-இல் இந்தியாவைப் போலவே ஐந்தரை மணி நேரத்தை ஏற்றிருந்ததால், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலேறியோர் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. 1942 ஜனவரியில் இலங்கை அரை மணி முன்னகர்ந்தது. செப்டம்பரில் மேலும் அரை மணி நகர்ந்து இந்தியாவுடன் மீண்டும் ஒன்றியது. 1945 அக்டோபரில் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பின. அரை நூற்றாண்டுக்குப் பின், மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் முடங்கிய 1996 மே மாதத்தில், இலங்கை அரசு மின்சாரத்தைச் சேமிக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்வைத்தது. இருட்டில் பள்ளிக்குப் புறப்படும் குழந்தைகளைப் பற்றிய முறையீடுகள் எழவே, அக்டோபரில் அரை மணி திரும்பப் பெறப்பட்டது; எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே ஏறத்தாழ பத்தாண்டுகள், ஒரே தீவில், ஒரே தீர்க்கரேகையில், வன்னியில் பழைய நேரமும் யாழ்ப்பாணம் உள்ளிட்ட அரசுப் பகுதிகளில் புதிய நேரமும் ஓடின. 2002-இல் ஏ-9 நெடுஞ்சாலை திறந்தபின் ஓமந்தையைக் கடந்தவர்கள் ஒரு சோதனைச் சாவடியில் அரை மணியை இழந்தும் பெற்றும் சென்றனர். மின் சேமிப்புக்கென்று தொடங்கிய ஒன்று, எந்த அதிகாரத்துக்கு ஒருவர் கட்டுப்பட்டவர் என்பதைக் காட்டும் அடையாளமாகிவிட்டது. கடிகாரத்தை மாற்றுவது வெறும் நிர்வாகச் செயல் என்று கருதுவோர் வன்னியின் அந்தப் பத்தாண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலாயாவின் வரலாறு வேறு வகையானது. 1933-இல் சிங்கப்பூரும் மலாயாவும் பகலொளிச் சேமிப்பின் பெயரால் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்வைத்தன; ஆண்டு முழுவதும் ஒரே அளவு பகல் இருக்கும் அந்நாட்டில் அதைத் திரும்பப் பெறப் பருவம் எதுவும் இல்லாததால் அது நிலையாகிவிட்டது. பின்னர் 1941-இல் பத்து நிமிடமும், 1982-இல் அரை மணியும் கூடின. இன்று கோலாலம்பூரில் ஆண்டின் பெரும்பகுதியில் காலை ஏழு மணிக்குப் பின்னரே சூரியன் எழுகிறது. வெப்பமண்டலத்தில் பகலொளிச் சேமிப்பு நேரம் தொடங்கினால் அது சேமிப்பாக நில்லாமல் நிரந்தர நகர்வாகிவிடும் என்பதற்கு மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து சென்று குடியேறியோர் பலரும் அறிந்த சான்று இது.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் இந்தக் கேள்வி கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களின் குரலாகவே தொடர்கிறது. கோடையில் நான்கு மணியை ஒட்டி விடியும் அசாமில், தேயிலைத் தோட்டங்கள் திட்ட நேரத்துக்கு ஒரு மணி முந்திய தோட்ட நேரத்தைத் தாமாகவே கடைப்பிடித்துவருகின்றன. பெங்களூருவின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த திலீப் அகுஜாவும் டி. பி. சென்குப்தாவும், நாடு முழுவதும் கடிகாரத்தை அரை மணி நிரந்தரமாக முன்வைத்தால் மாலை நேர மின்தேவை குறைந்து ஆண்டுக்கு இருநூறு கோடி யூனிட்டுக்கு மேல் மிஞ்சும் என்று கணித்தனர். புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் 2018-இல், வடகிழக்குக்கு ஆறரை மணியில் தனி நேர மண்டலம் அமைப்பது இயலக்கூடியதே என்று விளக்கினர்.

இவற்றுள் இரண்டாவது மதுரையைத் தொடாது. முதலாவது நேராகத் தொடும். அரை மணி கூடினால் மதுரையின் நண்பகல் 12.47-க்கும், பிப்ரவரி உதயம் 7.10-க்கும் போகும். கிராமங்களிலிருந்து மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஊர்களின் பள்ளிகளுக்குக் காலை ஆறரைக்கே பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் இருட்டிலேயே வீட்டை விட்டுப் புறப்பட நேரும். அதற்கு ஈடாகக் கிடைப்பது மாலையில் அரை மணி வெளிச்சம். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையின் மாலை வெளிச்சம் என்பது மாலை வெயிலே. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் முழுவதும் 2006-இல் கோடை நேரத்தை ஏற்றபோது வீடுகளின் மின்செலவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடியதாக ஆய்வு கண்டது. விளக்கில் மிஞ்சியதைக் குளிர்சாதனம் விழுங்கிவிட்டது. வெயில் தணியுமுன் வீடு திரும்பிய மதுரைக் குடும்பம் மின்விசிறியையும் ஏசியையும் முன்னதாகவே போடும் என்பதை எண்ணினால், வடக்கின் கணக்கைத் தெற்குக்கும் அப்படியே பொருத்துவது ஏற்கத்தக்கதன்று.

இந்தச் சமவெளி தனக்கான ஒளிச் சேமிப்பை எவ்வாறு செய்துகொள்கிறது என்பதை மல்லிகைத் தோட்டத்தில் நெருங்கிப் பார்க்கலாம். மதுரை மல்லியை மொட்டாகவே பறித்தாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் எடையும் மணமும் குன்றும். ஆகவே பறிப்பவர்கள் இருட்டோடு எழுந்து வரிசைக்கு வரிசை குனிந்து பறித்து, விடிந்து சற்று நேரத்துக்குள் மூட்டைகளை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பிவிடுகின்றனர். அன்றைய விலை காலையிலேயே தீர்ந்துவிடுகிறது. கோடையில் கட்டட வேலையும் வயல் வேலையும் முன்னதாகத் தொடங்கி உச்சி வெயிலில் நின்றுவிடுவதும், கோயில் நடை உச்சிக்காலத்துக்குப் பின் சாத்தப்பட்டு மாலையில் திறப்பதும் இதே ஒழுங்கைச் சேர்ந்தவை. தமிழ்நாடு 2012-ஐ ஒட்டிக் கடும் மின்வெட்டால் தவித்தபோதும், மதுரையில் நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமற்போன அந்த நாட்களிலும், ஆலைகள் மின்விடுமுறையையும் சிறு பட்டறைகள் இரவு வேலையையும் ஏற்றனவேயன்றிக் கடிகாரத்தை யாரும் நகர்த்தவில்லை.

இப்போது அந்தப் பழைய மின் கணக்கே தலைகீழாகி வருகிறது. மதுரைக்குத் தெற்கே கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்தைப் போன்ற சூரிய மின் நிலையங்களால் பகலில் மின்சாரம் மலிந்து, சூரியன் மறைந்தவுடன் தட்டுப்பாடாகிறது. 2023-இல் ஒன்றிய அரசு திருத்திய மின்நுகர்வோர் விதிகள், சூரிய ஒளி மிகுந்த எட்டு மணி நேரத்தில் கட்டணத்தைப் பத்து முதல் இருபது விழுக்காடு வரை குறைக்கவும், உச்சத் தேவை நேரத்தில் உயர்த்தவும் வழி செய்கின்றன. மாவு மில்லும் விசைத்தறியும் தங்கள் ஓட்டத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளும் காரணம் இனி மின்கட்டணப் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கும். மணி எட்டை ஒன்பது என்று சொல்ல வேண்டிய தேவை அதற்கு இல்லை.